புதுப்பித்த லைசென்ஸ் கோப்பும் காணாமல்போன போர்ட்டும்: ஒரு சர்வர் இடமாற்றத்தின் நிகழ்வு ஆய்வு

ஒரு பொறியியல் வடிவமைப்பு நிறுவனம், மென்பொருளைத் திறக்கும் அனுமதியைப் பயனர்களுக்குப் பங்கிடும் தன் லைசென்ஸ் சர்வரைப் பழைய விண்டோஸ் கணினியிலிருந்து லினக்ஸ் மெய்நிகர் கணினிக்கு மாற்றியது. நிறுவும்போது ஒரு சிக்கல் வந்தது. பயன்பாட்டுக்கு விட்ட முதல் நாளில் இன்னொன்று வந்தது. இரண்டும் சீக்கிரமே தீர்ந்தன. மூன்றாவது ஏழு வாரம் கழித்து வந்தது. அந்த வாரம் லைசென்ஸ் அமைப்பில் யாரும் எதையும் மாற்றியிருக்கவில்லை. அப்படியிருந்தும் ஒரு திங்கட்கிழமை காலை கிளை அலுவலகம் முழுவதும் நான்கு மணி நேரம் வேலையின்றி உட்கார்ந்திருந்தது. மூன்றையும் நடந்த வரிசையிலேயே இங்கே பதிவுசெய்கிறோம். நிறுவனத்தின் பெயரும் மென்பொருள் விற்பனையாளர்களின் பெயரும் நீக்கப்பட்டுள்ளன.

பின்னணி

மொத்தம் 62 பயனர்கள்: தலைமை அலுவலகத்தில் 48, கிளையில் 14. முதல் விற்பனையாளரிடமிருந்து 40 கேட் (கணினி வழி வடிவமைப்பு) லைசென்ஸும் 12 சிமுலேஷன் லைசென்ஸும். இரண்டாமவரிடமிருந்து மெஷ் கருவிக்கு 5. எல்லாமே ஃப்ளோட்டிங் வகை, அதாவது யார் முதலில் திறக்கிறாரோ அவருக்கு. லைசென்ஸை நிர்வகிக்க இருவருமே ஃப்ளெக்ஸ்நெட் பப்ளிஷர் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். பழைய ஆட்கள் அதை இன்றும் ஃப்ளெக்ஸ்எல்எம் என்றுதான் சொல்வார்கள்.

ஃப்ளெக்ஸ்நெட் சர்வரில் இரண்டு புரோகிராம்கள் ஓடுகின்றன. முதலாவது எல்எம்ஜிஆர்டி, வாசலில் நிற்கும் காவலர் மாதிரி. இரண்டாவது வெண்டர் டீமன் (விற்பனையாளரின் பின்னணி புரோகிராம்), லைசென்ஸை எண்ணிக் கொடுப்பது இதுதான். பயனரின் கணினி முதலில் எல்எம்ஜிஆர்டியின் போர்ட்டை, அதாவது எண்ணிட்ட நெட்வொர்க் வாசலை, தட்டும். இதற்கென்று 27000 முதல் 27009 வரை ஒதுக்கப்பட்டிருக்கிறது. "உன் டீமன் இந்தப் போர்ட்டில் இருக்கிறது, அங்கே போ" என்று எல்எம்ஜிஆர்டி வழிகாட்டும். அதன்பின் பயனரின் கணினி இரண்டாவது போர்ட்டில் இணைந்து, வேலை முடியும்வரை அந்த இணைப்பைப் பிடித்துக்கொண்டே இருக்கும். இரண்டாவது போர்ட் எது என்று லைசென்ஸ் கோப்பில் எழுதாவிட்டால், டீமன் எழும் ஒவ்வொரு முறையும் கையில் கிடைக்கும் ஏதாவது ஒரு போர்ட்டை எடுத்துக்கொள்ளும்.

பழைய கணினி ஒரு மேசைக்கு அடியில் ஒன்பது வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. வட்டுப் பிழைகள் நிகழ்வுப் பதிவேட்டில் வரத் தொடங்கியதால்தான் இடமாற்றம் முடிவானது. அந்தக் கணினியின் விண்டோஸ் ஃபயர்வால் புரோகிராமின் பெயரை வைத்து அனுமதி கொடுத்திருந்தது. ஆகவே டீமன் எந்தப் போர்ட்டில் எழுந்தாலும் வழி திறந்தே இருந்தது. இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவே உள்ள ரூட்டரிலும் "இந்த முகவரிக்கு எல்லாம் போகலாம்" என்றொரு பழைய விதி. இரண்டாவது போர்ட்டின் எண்ணைத் தெரிந்துகொள்ளும் தேவை ஒன்பது வருடத்தில் ஒருவருக்கும் வரவில்லை. முதலில் நிறுவியவர் வேலையை விட்டுப் போயிருந்தார், குறிப்பு எதுவும் எழுதி வைக்கவில்லை.

இடமாற்றத்துக்கு முன் கவனித்தது

எதையும் தொடாமல் இரண்டு வாரம் பழைய சர்வரின் டீபக் லாக் (டீமன் எழுதும் பதிவு) சேகரிக்கப்பட்டது. அவுட் (எடுத்தது), இன் (திரும்பியது), டினைடு (மறுத்தது) என்ற மூன்று வகை வரிகளைப் பயனர் வாரியாகப் பிரித்துப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். புதிய சர்வர் அமைப்பவர்கள் தவிர்க்கக் கூடாத வேலை இது. பழைய கோளாறுகளை அப்படியே புது இடத்துக்குக் கொண்டுபோனால், பிறகு அவையெல்லாம் புது சர்வரின் கோளாறாகவே பார்க்கப்படும்.

சிமுலேஷனில் இரண்டு வாரத்தில் 31 மறுப்புகள், எல்லாம் பிழை -4. அனுமதித்த எண்ணிக்கை தீர்ந்துவிட்டது என்பது அதன் பொருள். ஆனால் அதே நேரங்களில் லைசென்ஸ் நிலையைக் காட்டும் எல்எம்ஸ்டாட் கட்டளையை ஓட்டிப் பார்த்தால், 12-இல் 3 யார் கையிலும் இல்லாமல் ஒதுக்கப்பட்டுக் கிடந்தன. லைசென்ஸ் பங்கீட்டு விதிகள் இருக்கும் ஆப்ஷன்ஸ் கோப்பில் ஒரு குழுவுக்காக ரிசர்வ் 3 என்று எழுதியிருந்தது. அந்தக் குழு கலைக்கப்பட்டு நாளாகிவிட்டது. அதில் பெயர் இருந்தவர்களில் இருவர் நிறுவனத்திலேயே இல்லை. ரிசர்வ் செய்த லைசென்ஸை அந்தக் குழுவைத் தவிர வேறு யாரும் எடுக்க முடியாது. நடைமுறையில் நிறுவனம் 12-க்குப் பணம் கட்டி 9-ஐ வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

கேட் பக்கத்தில் வேறொரு கதை. மடிக்கணினியை மூடிப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களின் லைசென்ஸ் திரும்பவே இல்லை. மறுமுனை செத்துவிட்டது என்று சர்வருக்குத் தெரிய டிசிபி கீப்அலைவ் (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை) நேரம் கடக்க வேண்டும். விண்டோஸிலும் லினக்ஸிலும் அதன் இயல்பு அளவு 2 மணி நேரம். அதற்குள் இயந்திரம் விழித்துக்கொண்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

பயனர் கணினிகள் சர்வரை எப்படிக் கண்டுபிடிக்கின்றன என்று கணக்கெடுத்தபோது நான்கு விதம் கிடைத்தது: முகவரி எண்ணோடு சில, சர்வரின் குறும்பெயரோடு சில, போர்ட் எண் இல்லாமல் வெறும் பெயரோடு சில, லைசென்ஸ் கோப்பின் நகலையே வட்டில் வைத்துக்கொண்டு சில. பெயர் மாறும்போது உடையப்போவது கடைசி வகைதான் என்று அப்போதே குறித்து வைக்கப்பட்டது. குறித்ததோடு சரி, அந்தக் கணினிகளின் பட்டியலை முழுமையாக எடுக்கவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மூன்று சர்வர் கொண்ட மாற்று ஏற்பாடு வேண்டுமா என்பது முதல் கேள்வி. ஃப்ளெக்ஸ்நெட்டில் அதற்கு வசதி உண்டு. மூன்று சர்வர் வரிகள் எழுத வேண்டும், அவற்றில் எப்போதும் குறைந்தது இரண்டு உயிரோடு இருக்க வேண்டும். இரண்டு விழுந்தால் மூன்றாவது நலமாக இருந்தாலும் லைசென்ஸ் கொடுக்காது. மூன்றும் நம்பகமான ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். ஒரு இயந்திரத்தை மாற்றினால் மூன்றுக்குமாகப் புதுக் கோப்பு வாங்க வேண்டும். இந்த நிறுவனத்தின் மெய்நிகர் தளத்தில் ஒரு இயந்திரம் விழுந்தால் இன்னொரு இயந்திரத்தில் தானாக எழுப்பும் வசதி ஏற்கனவே இருந்தது. ஆகவே ஒற்றை மெய்நிகர் கணினியே தேர்வானது. அது சரியான முடிவு. இதே அளவுள்ள அலுவலகங்களில் மூன்று சர்வர் ஏற்பாடு தடுக்கும் தடங்கலைவிட உண்டாக்கும் தடங்கல்தான் அதிகம்.

மேக் முகவரியை, அதாவது நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணை, கையால் நிலைப்படுத்தினார்கள். மெய்நிகர் தள மென்பொருளான விஎம்வேரில் இதற்கு 00:50:56 என்று தொடங்கும் பகுதி இருக்கிறது. தானாக ஒதுக்கும்படி விட்டால், யாராவது ஒரு நாள் அந்த மெய்நிகர் கணினியை நகலெடுத்து எழுப்பி "நகலெடுத்தேன்" என்று பதில் சொன்னதும் புது முகவரி பிறந்துவிடும். லைசென்ஸ் பழைய முகவரிக்குக் கட்டப்பட்டிருக்கும். மெய்நிகர் கணினியில் ஓட்ட ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று இரு விற்பனையாளர்களிடமும் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே இந்த வேலை தொடங்கியது.

ஒவ்வொரு விற்பனையாளருக்கும் தனித்தனி எல்எம்ஜிஆர்டி என்று தீர்மானித்தார்கள். ஒருவரின் கோப்பை மாற்ற ரீஸ்டார்ட் செய்யும்போது மற்றவரின் பயனர்கள் விழக்கூடாது என்பது காரணம். முதலாமவருக்கு 27000, அவருடைய டீமனுக்கு 27001. இரண்டாமவருக்கு 27002, 27003. டீமன் போர்ட்டைக் கட்டாயமாக எழுதியதற்குக் காரணம், புதிய சர்வர் இருக்கும் பகுதிக்குக் கிளையிலிருந்து வரும் வழியில் போர்ட் எண்ணை வைத்தே ரூட்டர் விதி எழுத வேண்டும் என்று பாதுகாப்புக் குழு சொன்னது. தலைமை அலுவலகத்திலிருந்து சர்வருக்குப் போகும் வழியில் அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லை. பின்னால் வந்த குழப்பத்துக்கு இந்த வேறுபாடே காரணம்.

ரிசர்வ் வரி நீக்கப்பட்டது. கேட் லைசென்ஸுக்கு மட்டும் 5400 விநாடி டைம்அவுட் வைத்தார்கள், அதாவது ஒன்றரை மணி நேரம் சும்மா இருந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளும். சிமுலேஷனுக்கு வைக்கவில்லை. இரவெல்லாம் ஓடும் கணக்கீட்டின் நடுவே லைசென்ஸ் பறிபோனால் ஒரு நாள் வேலையே வீண். பயனர் பெயர்கள் விண்டோஸில் ஒரு விதமாகவும் லினக்ஸில் வேறு விதமாகவும் பெரிய, சிறிய எழுத்துகளில் வந்ததால், குரூப் பெயர்களில் எழுத்து அளவைப் பொருட்படுத்த வேண்டாம் என்ற ஆப்ஷனும் சேர்ந்தது.

நிறுவல்

டெபியன் வகை லினக்ஸ், 2 கோர், 4 ஜிபி நினைவகம். லைசென்ஸ் சர்வருக்கு இதுவே தாராளம். உள்ளே நுழையும் வசதி இல்லாத ஒரு தனிப் பயனர் கணக்கு உருவாக்கி, அந்தப் பெயரில்தான் டீமன்கள் ஓட வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். ஹோஸ்ட்ஸ் கோப்பில் சர்வரின் பெயருக்கு நேரே 127.0.1.1 என்று இருந்ததை எடுத்துவிட்டு உண்மையான முகவரியை எழுதினார்கள்.

முதல் ஓட்டத்திலேயே எல்எம்ஜிஆர்டி "அப்படி ஒரு கோப்போ டைரக்டரியோ இல்லை" என்றது. கோப்பு கண்ணெதிரே இருந்தது, இயக்கும் அனுமதியும் இருந்தது. இந்தச் செய்தியைப் பார்த்துக் கோப்பையே மறுபடி மறுபடி பதிவிறக்கி நேரத்தைக் கரைப்பவர்கள் பலர். இல்லாதது அந்தக் கோப்பு அல்ல, அது தன்னை ஏற்றச் சொல்லிக் கேட்கும் லோடர். எல்எஸ்பி என்ற பொது லினக்ஸ் தரத்தின்படி கட்டிய பைனரி, எல்எஸ்பி பெயருள்ள லோடரைத் தேடுகிறது. புதிய லினக்ஸ் பதிப்புகளில் அந்தப் பெயரைக் கொடுக்கும் பொதி நின்றுபோய்விட்டது. வழக்கமான 64 பிட் லோடரைச் சுட்டும்படி அந்தப் பெயரில் ஒரு சிம்பாலிக் லிங்க் (குறுக்குவழி) போட்டதும் ஓடியது.

அடுத்தது யுஎஸ்ஆர் டைரக்டரிக்குள் டிஎம்பி (தற்காலிகக் கோப்புகளுக்கான டைரக்டரி) இல்லை என்ற புகார். பழைய டீமன்கள் அங்கே ஒரு மறைவு டைரக்டரியை உருவாக்கப் பார்க்கும், டெபியனில் அந்த இடமே கிடையாது. வார் டைரக்டரியில் உள்ள டிஎம்பியைச் சுட்டும்படி இன்னொரு லிங்க் போட்டுச் சரிசெய்தார்கள். இதற்கிடையே நிர்வாகி சோதனைக்காக ஒருமுறை ரூட் (முழு அதிகாரமுள்ள) கணக்கில் டீமனை எழுப்பிப் பார்த்திருந்தார். அது விட்டுப்போன லாக் கோப்பும் பூட்டுக் கோப்பும் ரூட்டின் பெயரில் நின்றுவிட்டன. பிறகு தனிக் கணக்கில் எழுப்பியபோது பூட்டைத் திறக்க முடியாமல் டீமன் செத்தது. டீமன்களை நிறுத்திவிட்டு அந்த இரண்டு கோப்புகளையும் அழித்த பிறகு சரியானது. சோதனை ஓட்டத்தையும் அதே கணக்கில்தான் செய்ய வேண்டும்.

கொஞ்ச நேரம் எடுத்த சிக்கல் ஹோஸ்ட் ஐடி, அதாவது லைசென்ஸ் கட்டப்பட்டிருக்கும் கணினியின் அடையாளம். முதல் விற்பனையாளரின் டீமன் எழுந்தது. ஆனால் லாகில், சர்வர் வரியில் உள்ள ஹோஸ்ட் ஐடி தவறு என்று ஒரு வரி, அதன் கீழே ஒவ்வொரு லைசென்ஸும் முடக்கப்பட்டதாக வரிசையாக வரிகள். கோப்பில் இருந்ததோ சரியான மேக் முகவரி. அந்த ஐடியைக் காட்டும் எல்எம்ஹோஸ்ட்ஐடி கட்டளையை ஓட்டினால் வெறுமை. காரணம், அந்தப் பழைய டீமன் ஈத்0 என்ற பெயருள்ள நெட்வொர்க் கார்டை மட்டுமே பார்க்கும். புதிய லினக்ஸில் அதே கார்டின் பெயர் என்ஸ்192. விற்பனையாளருக்கு அனுப்பிய மேக் முகவரியை லினக்ஸின் ஐபி கட்டளையில் பார்த்து எடுத்ததுதான் பிசகு. எல்எம்ஹோஸ்ட்ஐடியின் பதிலையே எடுத்து அனுப்புவது என்ற பழக்கம் இருந்திருந்தால், அது வெறுமையாக வந்த அன்றே விஷயம் வெளிப்பட்டிருக்கும்.

வழிகள் இரண்டு. புதிய டீமன் பதிப்பைப் போடுவது, அல்லது கர்னல் அளவுருவில் பழைய பெயரிடும் முறைக்குத் திரும்புவது. முதல் விற்பனையாளரிடம் புதிய டீமன் கிடைத்தது. இரண்டாமவரிடம் கிடைக்கவில்லை. ஆகவே துவக்க அமைப்பில் நெட்.இஃப்நேம்ஸ்=0 என்று சேர்த்து, ஒற்றைக் கார்டையும் ஈத்0 ஆக்கினார்கள். நெட்வொர்க் அமைப்புக் கோப்பிலும் பெயரை மாற்றிய பிறகே ரீபூட் செய்தார்கள். அதை மறந்தால் கணினி நெட்வொர்க் இல்லாமல் எழும். எல்எம்ஜிஆர்டியையும் சேர்த்துப் புதுப்பித்தார்கள். அதன் பதிப்பு டீமனின் பதிப்பைவிடப் பழையதாக இருக்கக் கூடாது, டீமன் பயனர் மென்பொருளில் உள்ள நூலகத்தைவிடப் பழையதாக இருக்கக் கூடாது.

சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளை எழுப்பும் புரோகிராம்) சேவைக் கோப்பில் எல்எம்ஜிஆர்டியை இசட் கொடியோடு முன்னணியில் ஓட விட்டார்கள். நெட்வொர்க் முழுதாக எழுந்த பிறகே தொடங்க வேண்டும் என்ற நிபந்தனையும் எழுதினார்கள். இறுதியில் லைசென்ஸ் கோப்பின் தலையில் நின்ற இரண்டு வரிகள் இப்படி இருந்தன:

சர்வர் லைசென்ஸ்01 005056102030 27000
வெண்டர் (டீமன் பெயர்) (டீமன் இருக்கும் பாதை) ஆப்ஷன்ஸ்=(ஆப்ஷன்ஸ் கோப்பின் பாதை) போர்ட்=27001

இந்த இரண்டு வரிகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கோப்பின் மற்ற வரிகளுக்கெல்லாம் விற்பனையாளரின் டிஜிட்டல் கையொப்பம் உண்டு, ஒரு எழுத்தை மாற்றினாலும் பிழை -8 வரும். இந்த இரண்டில் மேக் முகவரியையும் டீமன் பெயரையும் தவிர மற்றதெல்லாம் நிர்வாகி எழுதுவது: சர்வரின் பெயர், போர்ட்டுகள், பாதைகள். ஒரே கோப்பில் இருவரின் கையெழுத்து. விற்பனையாளருக்கு நிர்வாகியின் பகுதி தெரியவும் தெரியாது.

முதல் திங்கட்கிழமை

ஞாயிற்றுக்கிழமை மாற்றம் நடந்தது. திங்கள் காலை தலைமை அலுவலகத்தில் எல்லாரும் மென்பொருளைத் திறந்தார்கள், ஆனால் சிலருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தது. விண்டோஸில் ஒருமுறை வெற்றிகரமாக லைசென்ஸ் எடுத்ததும் அந்த சர்வரின் முகவரி ரெஜிஸ்ட்ரியில் பதிந்துவிடும். அணைத்து வைத்த பழைய கணினியை ஒவ்வொரு முறையும் தேடிவிட்டுத்தான் புதியதுக்கு வருகிறது. போர்ட் எண் எழுதாத கணினிகள் 27000 முதல் 27009 வரை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதால் இன்னும் தாமதம். ரெஜிஸ்ட்ரிப் பதிவை அழித்து, 27000 என்ற எண்ணும் முழு டொமைன் பெயரும் சேர்ந்த சுற்றுச்சூழல் மாறியை எழுதும் ஸ்கிரிப்ட் குரூப் பாலிசி வழியாக அன்று மாலையே எல்லாக் கணினிகளுக்கும் போனது.

கிளையில் நான்கு பேருக்குப் பிழை -96, அதாவது சர்வர் பதில் சொல்லவில்லை. அவர்கள் கணினியில் இருந்தது லைசென்ஸ் கோப்பின் நகல். மாற்றத்துக்காக அனுப்பிய புது நகலில் குறும்பெயர் மட்டும் இருந்தது, கிளையின் டிஎன்எஸ் (பெயரை முகவரியாக மாற்றும் அமைப்பு) பின்னொட்டோ வேறு. நகல்களை அழித்து, அவர்களையும் சுற்றுச்சூழல் மாறிக்கு மாற்றினார்கள். பட்டியல் முழுமையாக இருந்திருந்தால் இது முன்கூட்டியே முடிந்திருக்கும். எல்லாரும் பயன்படுத்தும் பெயர் டிஎன்எஸ்ஸில் ஒரு மாற்றுப்பெயராக வைக்கப்பட்டது. அடுத்த முறை சர்வரை மாற்றினால் டிஎன்எஸ்ஸில் ஒரு வரி திருத்தினால் போதும்.

ஏழாவது வாரம்

நான்காவது வாரத்தில், முதல் விற்பனையாளரின் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டு, புதிய லைசென்ஸ் கோப்பு மின்னஞ்சலில் வந்தது. நிர்வாகி அதைப் பழைய கோப்பின் இடத்தில் வைத்து, கோப்பை மறுபடி படிக்கச் சொல்லும் எல்எம்ரீரீட் கட்டளையைக் கொடுத்தார். லாகில் பிழை இல்லை, எல்எம்ஸ்டாட்டில் எண்ணிக்கை சரி, கேட் மென்பொருளின் புதிய பதிப்பும் திறந்தது. வேலை முடிந்ததாகக் குறித்துவிட்டார். அன்று பார்க்க வேண்டியதை எல்லாம் அவர் பார்த்தார். பார்த்ததில் எதுவும் சிக்கலைக் காட்டவில்லை.

ஏழாவது வாரம் சனிக்கிழமை இரவு, எல்லா லினக்ஸ் சர்வர்களுக்கும் பாதுகாப்புத் திருத்தம் போட்டு ரீபூட் செய்தார்கள். திங்கள் காலை 8:40-க்குக் கிளையிலிருந்து தொலைபேசி: "சார், உங்க பக்கம் எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்றீங்க. இங்கே ஒருத்தருக்கும் திறக்கல. பதினாலு பேரும் சும்மா உக்காந்திருக்கோம்."

பிழை -15. சர்வரோடு இணைய முடியவில்லை என்று அர்த்தம். தலைமை அலுவலகத்தில் எல்லாம் ஓடியதால் சந்தேகம் முதலில் அலுவலகங்களுக்கு நடுவே உள்ள இணைப்பின்மீது விழுந்தது. பிங் போனது. 27000 போர்ட்டும் கிளையிலிருந்து திறந்தது. நெட்வொர்க் குழு "எங்கள் பக்கம் கோளாறு இல்லை" என்று சொல்லிவிட்டது. அவர்கள் சோதித்த அளவில் அது உண்மையும்கூட. 9:30-க்கு லைசென்ஸ் சேவையை ரீஸ்டார்ட் செய்து பார்த்தார்கள். கிளையில் மாற்றமில்லை. தலைமை அலுவலகத்தில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு கணக்கீடுகள் மட்டும் நின்றுபோயின. காரணம் தெரியாமல் ரீஸ்டார்ட் செய்ததற்கு அதுதான் விலை. அடுத்த இரண்டரை மணி நேரம் விற்பனையாளரின் உதவி மையத்தோடும் கிளைக் கணினிகளின் வைரஸ் தடுப்பு அமைப்புகளோடும் போனது.

கிளைக் கணினி ஒன்றில் எல்எம்ஸ்டாட் ஓட்டியதும் விஷயம் புலப்பட்டது. எல்எம்ஜிஆர்டி இருக்கும் வரியில் "அப்". அதற்குக் கீழே வெண்டர் டீமனின் வரியில் -15. வாசல் திறந்திருக்கிறது, உள்ளறைக்கு வழியில்லை. சர்வரின் லாகை மேலே தள்ளிப் பார்த்தால், எல்எம்ஜிஆர்டி டீமனை எழுப்பிய வரியிலேயே விடை இருந்தது: டிசிபி போர்ட் 36417. ரூட்டர் விதி அனுமதிப்பது 27001-ஐ மட்டும்.

பழைய கோப்பின் காப்பு நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். விற்பனையாளர் அனுப்பிய புதுக் கோப்பில் வெண்டர் வரி டீமன் பெயரோடு முடிந்திருந்தது. போர்ட்=27001 இல்லை, ஆப்ஷன்ஸ் பாதை இல்லை. மூன்று வாரம் இது வெளியே தெரியாமல் போனதற்குக் காரணம் எல்எம்ரீரீட். அது புதிய லைசென்ஸ் வரிகளை ஏற்றிக்கொள்ளும், ஓடிக்கொண்டிருக்கும் டீமன் ஏற்கனவே பிடித்துவைத்த போர்ட்டை மாற்றாது. முதல் ரீபூட்டில்தான் டீமன் புதுக் கோப்பின்படி எழுந்து, கிடைத்த போர்ட்டை எடுத்துக்கொண்டது. 9:30 ரீஸ்டார்ட்டில் இன்னொரு எண். 36417 என்பது இரண்டாவது எண்.

ஆப்ஷன்ஸ் கோப்பும் அதே ரீபூட்டிலிருந்து வாசிக்கப்படவில்லை. கேட் டைம்அவுட் செத்துப்போயிருந்தது. அதை யாரும் புகாராகச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். மாலையில் லைசென்ஸ் பற்றாக்குறையாகத்தான் அது தலைகாட்டியிருக்கும்.

12:20-க்கு இரண்டு வழிகள் மேசையில் இருந்தன. கோப்பைத் திருத்தி உடனே ரீஸ்டார்ட் செய்வது ஒன்று. அப்படிச் செய்தால் தலைமை அலுவலகத்தில் ஓடும் கணக்கீடுகள் மறுபடி நிற்கலாம். 36417-க்கு ரூட்டரில் தற்காலிக விதி எழுதி, ரீஸ்டார்ட்டை மாலைக்குத் தள்ளிவைப்பது இன்னொன்று. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த எண் டீமன் ஓடும்வரை மாறாது என்பதால் அது பாதுகாப்பான முடிவு. 12:40-க்குக் கிளையில் எல்லாருக்கும் திறந்தது. மாலை 7 மணிக்கு முன்னறிவிப்புக் கொடுத்து, வெண்டர் வரியில் போர்ட்டையும் ஆப்ஷன்ஸ் பாதையையும் மீட்டு, எல்எம்டவுன் கொடுத்து நிறுத்தி, ஓரிரு நிமிடம் காத்திருந்து எழுப்பினார்கள். காத்திருப்பது அவசியம். போர்ட் எண்ணை நிலையாக எழுதிவைத்தால், பழைய இணைப்புகளை இயக்குதளம் விடுவிக்கும்வரை டீமனால் அதே போர்ட்டில் எழ முடியாமல் போகலாம். டீமனைக் கில் -9 (வலுக்கட்டாய நிறுத்தம்) கொடுத்து நிறுத்தினால் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். டீமன் 27001-இல் எழுந்ததை லாகில் பார்த்த பிறகு தற்காலிக விதியை நீக்கினார்கள்.

பிறகு செய்த மாற்றங்கள்

விற்பனையாளர் அனுப்பும் கோப்பு இப்போது நேரடியாகச் சேவை டைரக்டரிக்குப் போவதில்லை. அது வரும் டைரக்டரி தனி. ஒரு சிறிய ஸ்கிரிப்ட் சர்வர் வரியையும் வெண்டர் வரியையும் எடுத்துவிட்டு, பதிப்புக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் சொந்த வரிகளைப் பொருத்துகிறது. கோப்பில் உள்ள மேக் முகவரியை எல்எம்ஹோஸ்ட்ஐடியின் பதிலோடு ஒப்பிடுகிறது. பொருந்தாவிட்டால் கோப்பை நகர்த்தாது. பழைய கோப்புக்கும் புதியதுக்கும் உள்ள வேறுபாட்டை நிர்வாகி கண்ணால் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகே அடுத்த அடி.

ஆப்ஷன்ஸ் கோப்புக்கு டீமனின் பெயரையே வைத்து, ஆப்ட் என்ற பின்னொட்டோடு லைசென்ஸ் கோப்பு இருக்கும் அதே டைரக்டரிக்குக் கொண்டுவந்தார்கள். இப்படி வைத்தால் வெண்டர் வரியில் பாதை எழுதாவிட்டாலும் டீமன் தானே தேடி எடுத்துக்கொள்ளும். எளிய மாற்றம்தான், ஆனால் இந்த ஆய்விலிருந்து ஒன்றை மட்டும் இன்றே செய்ய நினைப்பவர்கள் இதைச் செய்யலாம்.

புதுக் கோப்பு வந்தால் எல்எம்ரீரீட்டோடு நிறுத்துவதில்லை. அந்த வாரத்துக்குள் ஒரு மாலையில் முழு ரீஸ்டார்ட், அதன்பின் கிளைக் கணினி ஒன்றிலிருந்து எல்எம்ஸ்டாட். சர்வரிலிருந்தே ஓட்டும் எல்எம்ஸ்டாட்டைச் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை, அதன் வழியில் ரூட்டர் விதியே குறுக்கிடாது. கண்காணிப்புக் கருவியும் இப்போது 27000, 27001, 27002, 27003 ஆகிய நான்கையும் கிளையின் நெட்வொர்க்கிலிருந்து தட்டிப் பார்க்கிறது. முன்பு தலைமை அலுவலகத்திலிருந்து 27000-ஐ மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆப்ஷன்ஸ் கோப்பில் எழுத்துப்பிழை இருந்தால் டீமன் நிற்காது. லாகில் ஒரு வரி எழுதிவிட்டு அந்த ஆப்ஷனை விட்டுவிடும். ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் லாகின் கடைசி 50 வரிகளைப் பார்ப்பது மாற்றப் படிவத்தில் ஒரு கட்டாயக் கட்டமாகிவிட்டது.

மறுபடி செய்வதானால் இரண்டை மாற்றுவார்கள். பழைய சர்வரைப் படிக்கும்போது டீமன் எந்தப் போர்ட்டில் ஓடுகிறது, அதை யார் எங்கே அனுமதித்திருக்கிறார்கள் என்பதையும் கணக்கெடுப்பில் சேர்ப்பார்கள். இரண்டு அலுவலகங்களுக்கும் ஒரே மாதிரி ரூட்டர் விதியை எழுதுவார்கள். தலைமை அலுவலகமும் போர்ட் விதிக்கு உட்பட்டிருந்தால் சனிக்கிழமை இரவே எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உடைந்திருக்கும். திருத்தம் போட்டவர் தன் இருக்கையிலிருந்தே அதைக் கண்டுபிடித்திருப்பார்.

சில மாதம் கழித்து இரண்டாம் விற்பனையாளரின் புதுக் கோப்பு வந்தது. அதிலும் வெண்டர் வரி டீமன் பெயரோடு முடிந்திருந்தது. சர்வர் வரியில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் திஸ்_ஹோஸ்ட் என்ற பொதுச் சொல். ஸ்கிரிப்ட் இரண்டையும் மாற்றியது. அன்று மாலை ரீஸ்டார்ட்டுக்குப் பின் கிளையிலிருந்து ஓட்டிய எல்எம்ஸ்டாட்டில் இரு வரிகளும் "அப்". சர்வர் லாகில் டீமன் எழுந்த போர்ட் 27003.